யூபோனியத்தின் குரல்

இசையைக் கேட்பதற்குச் செவி ஒன்றே போதும். அவ்விசை பிறக்கும் இடத்தை அறிவதற்கோ கண்ணும் வேண்டும். அரங்கிற் பன்னிரண்டு நிமிடம் ஒலித்து மறையும் ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னால் எத்தனை மாதப் பயிற்சி இருந்தது, எத்தனை மனத்தாங்கல் இருந்தது, யார் யார் ஒதுங்கி நின்று வழிவிட்டனர் என்பன அரங்கில் அமர்ந்திருப்போருக்குத் தெரிவதில்லை. அவர்களுக்குப் புலப்படாத அந்தப் பகுதியையே பொருளாகக் கொண்டு எழுந்தது யப்பானியச் சித்திரத் தொடர் ஒன்று. ‘ஹிபிக்கே! யூபோனியம்’ என்பது அதன் பெயர். ‘ஒலித்திடு, யூபோனியமே!’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம்.

கையால் வரைந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு உயிர்கொடுக்கும் கலையை யப்பானியர் ‘அனிமே’ என்பர். அது சிறுவர்க்குரிய வேடிக்கை என்ற எண்ணம் பிற நாடுகளிற் பலருக்கு உண்டு. யப்பானிலோ நாவலும் நாடகமும் ஆளும் பொருள்கள் அனைத்தையும் அனிமேயும் ஆள்கின்றது. இத்தொடர் 2015 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. முதற் பருவம் 13 பகுதிகள். 2016 ஆம் ஆண்டு இரண்டாம் பருவம் 13 பகுதிகள். 2024 ஆம் ஆண்டு மூன்றாம் பருவம் மேலும் 13 பகுதிகள். இவற்றுக்கிடையே திரையரங்குப் படங்களும் வெளிவந்தன. ஒரு பெண் உயர்நிலைப் பாடசாலையிற் கால்வைத்த நாள் தொடங்கி அதனைவிட்டு நீங்கும் நாள் வரையுள்ள மூன்றாண்டுக் கதையைச் சொல்லி முடிக்க ஆக்கியோருக்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன.

கதைக்கு மூலம் தக்கேதா அயனோ என்னும் பெண் எழுத்தாளரின் நாவல். அது 2013 ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று அளவே. அவர் பிறந்த ஊர் கியோத்தோ மாநிலத்திலுள்ள உஜி. கதை நிகழும் ஊரும் உஜியே. அதனைச் சித்திரமாக்கிய கியோத்தோ அனிமேசன் நிறுவனத்தின் இருப்பிடமும் உஜியே. எழுதியவரும் வரைந்தவர்களும் தாம் நாள்தோறும் நடந்த தெருவையும் கடந்த பாலத்தையுமே கதைக்களமாகக் கொண்டனர். ஆகவேதான் அத்தொடரிற் காணும் ஆற்றங்கரையும் புகைவண்டி நிலையமும் தேயிலைக் கடைகளும் வெறும் திரைச்சீலைகளாய் நில்லாது உண்மையான ஊராய் விளங்குகின்றன. உஜி பழம்பெருமை வாய்ந்த ஊர். 1053 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற பியோதோயின் ஆலயத்துப் பீனிக்ஸ் மண்டபம் அங்கே உள்ளது. யப்பானியரின் பத்து யென் நாணயத்திற் பொறிக்கப்பட்டிருப்பது அம்மண்டபமே. ‘கெஞ்சியின் கதை’ என்னும் தொல்காவியத்தின் இறுதிப் பத்து இயல்களும் உஜி ஆற்றங்கரையையே களமாகக் கொண்டவை.

இனி, தொடரின் பெயரிலே நிற்கும் வாத்தியத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். யூபோனியம் என்பது பித்தளையாலான ஊதுகருவி. ‘இனிய குரலுடையது’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. ஐரோப்பாவிலே 1840 ஆம் ஆண்டுகளில், வால்வுகளைக் கொண்ட பித்தளைக் கருவிகள் பலவும் உருப்பெற்ற காலத்தில், இதுவும் உருப்பெற்றது. மடித்துச் சுருட்டிய இதன் குழாயை நீட்டினால் ஏறக்குறைய ஒன்பது அடி இருக்கும். ட்ரம்பெற்றின் குழாய் பெரும்பாலும் ஒரே பருமனாகச் செல்லும்; யூபோனியத்தின் குழாயோ வாயிலிருந்து அகன்றுகொண்டே செல்லும். ட்ரம்பெற்றின் ஒலி கூர்மையாகத் தெறிப்பதற்கும் யூபோனியத்தின் ஒலி உருண்டு திரண்டு மென்மையாக வருவதற்கும் இவ்வேறுபாடே முதற் காரணம். விரலால் ஒரு வால்வை அழுத்தும்போது காற்று மேலும் ஒரு சிறு குழாயைச் சுற்றிச் செல்கின்றது. காற்றின் வழி நீளவே சுரம் தாழ்கின்றது. எஞ்சியதை உதடும் மூச்சும் செய்யவேண்டும்.

குழுவில் இதன் இடம் யாது? தாழ்ந்த சுரங்களிலே டியூபாவுக்குத் துணைநிற்கும். நடுவே நின்று பிற கருவிகளின் ஒலிகளைப் பிணைக்கும். சிற்சில வேளைகளில் மெல்லிய எதிர்ப்பாட்டொன்றைத் தானும் பாடும். முதன்மை மெட்டு ட்ரம்பெற்றுக்கும் கிளாரினெற்றுக்கும் உரியது. பெரிய ஓர்க்கெஸ்ட்ராக்களில் இதற்கு நிலையான இருக்கையும் இல்லை. பொதுமக்களிற் பலர் இதன் பெயரையே கேட்டறியார். இத்தகைய கருவியைக் கதைத்தலைவியின் கையிற் கொடுத்ததிலேயே ஆசிரியரின் நோக்கம் தெளிவாகின்றது. முன்னே நிற்பவரை யாவரும் காண்பர். நடுவே நின்று தாங்குபவரைக் காணவைப்பதற்கே ஒரு கதை தேவைப்படுகின்றது.

யப்பானில் ஊதுகருவிக் குழுக்கள் பெருகிய வரலாறும் அறியத்தக்கது. 1869 ஆம் ஆண்டு சற்சுமா என்னும் பகுதியைச் சேர்ந்த இளைஞர் முப்பதின்மர் அளவினர் யொக்கொகாமா நகரத்துப் பௌத்த ஆலயமொன்றிலே தங்கி, பிரித்தானியப் படைப்பிரிவின் வாத்தியத் தலைவரான யோன் வில்லியம் பென்ரன் என்பாரிடம் மேனாட்டு வாத்தியம் கற்றனர். அவர்களுக்கெனக் கருவிகள் இலண்டனிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தன. படையிற் பிறந்த அக்கலை பின்னர்ப் பாடசாலைகளிற் பரவியது. 1940 ஆம் ஆண்டு அகில யப்பான் ஊதுகருவிக் குழுப் போட்டி தொடங்கப்பெற்றது. போரினால் அது இடையில் நின்று, 1956 ஆம் ஆண்டு மீண்டும் உயிர்பெற்றது. அன்று தொட்டு, பாடசாலை முடிந்த பின் மாலைதோறும் வாத்தியம் பழகும் கழகம் இல்லாத உயர்நிலைப் பாடசாலையைக் காண்பது அரிது என்னும் அளவிற்கு இவ்வழக்கம் வேரூன்றியது.

அப்போட்டியின் விதிகளை அறியாதார்க்கு இத்தொடரின் நெருக்கடி விளங்காது. உயர்நிலைப் பாடசாலைப் பிரிவிலே ஒரு குழுவில் 55 பேருக்கு மேல் மேடையேறல் ஆகாது. விதித்த உருப்படி ஒன்றையும் தாமே தெரிந்த உருப்படி ஒன்றையும் பன்னிரண்டு நிமிடத்துள் வாசித்து முடித்தல் வேண்டும். கியோத்தோப் பாடசாலையொன்று முதலில் மாநிலப் போட்டியிலும், பின் கன்சாய்ப் பகுதிப் போட்டியிலும், அதன்பின் தேசியப் போட்டியிலும் வாசிக்கவேண்டும். வாசித்த ஒவ்வொரு குழுவுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்னும் மூன்றனுள் ஒன்று கிடைக்கும். தங்கம் பெற்றவர் யாவரும் அடுத்த படிக்குச் செல்வதில்லை. அவர்களுட் சிலரே தெரிவாவர். தங்கம் பெற்றும் மேலே செல்ல முடியாத நிலைக்கு மாணாக்கர் ‘டமே-கின்’ என்று பெயர் வைத்துள்ளனர். பயன்படாத தங்கம் என்பது அதன் கருத்து.

தொடரின் முதற் காட்சியே அப்பயன்படாத தங்கத்திலிருந்துதான் தொடங்குகின்றது. கதைத்தலைவி குமிக்கோ அப்போது இளநிலைப் பாடசாலை மாணவி. தங்கம் என்ற அறிவிப்பைக் கேட்டு அவள் அகமகிழ்கின்றாள். பக்கத்தில் நிற்கும் ட்ரம்பெற் வாசிப்பவளான ரெய்னாவோ விம்மி அழுகின்றாள். மேற்செல்லும் வாய்ப்புப் போயிற்றே என்பது அவளது துயரம். தேசியப் போட்டிக்குப் போகலாமென்று உண்மையாகவே எண்ணியிருந்தாயா என்று குமிக்கோ வாய்தவறிக் கேட்டுவிடுகின்றாள். தீய எண்ணத்தோடு கேட்ட கேள்வியன்று அது. ஆயினும் அதைவிடக் கொடிய கேள்வி வேறில்லை. ஒருத்தி உயிரைக் கொடுத்து நம்பியதை மற்றவள் ஒருபோதும் நம்பவேயில்லை என்பது அதனால் வெளிப்பட்டது. தொடரின் 39 பகுதிகளும் அக்கேள்விக்கு விடைகாணும் முயற்சியே எனலாம்.

இருவரும் உயர்நிலைக் கல்விக்காகச் சேர்வது கித்தாவுஜி என்னும் பாடசாலை. அது கதைக்கெனப் புனையப்பட்ட பாடசாலை. முன்னொரு காலத்தில் அதன் குழு புகழ்பெற்றிருந்தது. கதை தொடங்கும்போது சுருதியும் தாளமும் சிதறிக் கிடக்கின்றது. அவ்வாண்டு புதிதாக வந்த தக்கி என்னும் ஆசிரியர் முதல்நாளிலேயே மாணாக்கரிடம் ஒரு கேள்வி கேட்கின்றார். இன்பமாகப் பொழுதுபோக்குவதா, தேசியப் போட்டிக்குச் செல்வதா, எது உங்கள் குறிக்கோள்? கைகள் உயர்கின்றன. ஏறக்குறைய எல்லாரும் தேசியப் போட்டி என்கின்றனர். பலருக்கு அது வாய்ப்பேச்சுத்தான். ஆசிரியரோ அதனை வாக்காகவே ஏற்றுக்கொள்கின்றார். பின்னர் அவர்கள் வாசித்ததைக் கேட்டு, இது கேட்கத் தகாதது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுச் செல்கின்றார். நீங்கள் தெரிந்த குறிக்கோளுக்கு நீங்களே விலைகொடுங்கள் என்பது அவர் முறை. அவர் குரல் உயர்வதேயில்லை. அதனாலேயே மாணாக்கர் நடுங்குகின்றனர்.

இந்த இடத்திலே தொடரின் ஒலியமைப்பைப் பற்றிச் சொல்லுதல் தகும். தீயதாக வாசிக்கும் குழுவொன்று மெல்ல மெல்ல நல்லதாக மாறுவதைப் பார்ப்பவர் காதாற் கேட்டு உணரவேண்டும். கதைமாந்தர் வாயால் ‘முன்னேறிவிட்டோம்’ என்று சொன்னாற் போதாது. ஆகவே ஆக்கியோர் செந்சொக்கு இசைக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணாக்கர் குழுவைக்கொண்டு வாத்தியங்களை ஒலிப்பதிவு செய்தனர். கதையில் வரும் மாணாக்கருக்கும் அவர்களுக்கும் வயதில் அதிக வேறுபாடில்லை. பிசகாக வாசிக்கவேண்டிய இடத்திலே அவர்கள் பிசகாகவே வாசித்தனர். தேர்ந்த கலைஞருக்குச் சுருதி பிசகி வாசித்தல் எளிதன்று. அதுவும், பயிலும் சிறுவர் எவ்வாறு பிசகுவரோ அவ்வாறே பிசகவேண்டும். முதற் பகுதியிலும் பதின்மூன்றாம் பகுதியிலும் குழு வாசிப்பதை அடுத்தடுத்துக் கேட்பவர், இசையறிவு இல்லாதவராயினும், வேறுபாட்டை ஐயமின்றி உணர்வர்.

ஓவியரின் உழைப்பும் அதற்குக் குறைந்ததன்று. பித்தளைக் கருவியை வரைதல் ஓவியருக்குப் பெருஞ் சோதனை. வளைந்தும் பின்னியும் செல்லும் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒளி வெவ்வேறாகப் பட்டுத் தெறிக்கும். ஊதுபவர் அசையும்போது அவ்வொளியும் அசையும். விரல் அழுத்தும் வால்வுக்கும் ஒலிக்கும் சுரத்துக்கும் பொருத்தம் தவறாதவாறு வரைந்திருப்பது வாத்தியம் பயின்றோர் பலரையும் வியக்கவைத்தது. மூச்சு எடுக்குமுன் தோள் சிறிது உயர்தல், நீண்ட வாசிப்பின்பின் கருவியிற் சேர்ந்த நீரை வெளியேற்றுதல், சுருதி சேர்க்குமுன் கருவியை ஊதிச் சூடாக்குதல் ஆகிய சிறு செயல்கள் எவையும் விடுபடவில்லை. இரண்டாம் பருவத்தின் ஐந்தாம் பகுதியிலே, கன்சாய்ப் போட்டியில் ‘பிறைநிலா நடனம்’ என்னும் உருப்படியை அவர்கள் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்கின்றனர். ஏறக்குறைய ஏழு நிமிடம் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடரொன்றில் ஏழு நிமிடத்தை இசையிடமே ஒப்படைத்துவிடுதல் துணிவான செயல். அதற்கு மாறாக, அதே பருவத்திலே தேசியப் போட்டியில் அவர்கள் வாசிப்பது காட்டப்படுவதேயில்லை. வெண்கலமே கிடைத்தது என்ற செய்தி மட்டும் வருகின்றது. எங்கே ஒலிக்கவேண்டும், எங்கே மௌனமாக இருக்கவேண்டும் என்பதை அறிந்திருப்பதும் இசையறிவின் பகுதியே.

கதையின் உயிர்நாடி எது? திறமைக்கும் அன்புக்கும் இடையே எழும் வழக்கு என்று சுருக்கமாகச் சொல்லலாம். குழுவில் உறுப்பினர் 55 பேருக்கு மேற்பட்டவர். மேடையேறுவோர் யார், மேடையேறாதோர் யார் என்று தெரிதல் வேண்டும். முன்னைய வழக்கப்படி மூத்தவருக்கே முதலிடம். தக்கி அதனை மாற்றி, ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்கச்செய்து தெரிகின்றார். அதனால் முதலாண்டு மாணவியான குமிக்கோ இடம்பெற, இரண்டாம் ஆண்டிற் பயிலும் நத்சுக்கி என்னும் மூத்தவள் இடமிழக்கின்றாள். இளநிலைப் பாடசாலையில் இதே நிலையில் ஒரு மூத்தவள் தன்னைப் பழித்துரைத்ததை எண்ணிக் குமிக்கோ அஞ்சுகின்றாள். நத்சுக்கியோ அவளை அழைத்துச் சென்று குடிக்க வாங்கிக்கொடுத்து, எனக்கு வருத்தமில்லை என்கின்றாள். வருத்தம் இல்லாமலா இருக்கும்? இளையவளின் மனம் நோகலாகாது என்பதற்காக அவள் அதனை மறைத்துக்கொண்டாள். பரிசுக் கேடயம் எதுவும் கிடைக்காத இத்தகைய வெற்றிகள் இத்தொடரிற் பல உள்ளன.

ட்ரம்பெற் தனிவாசிப்பிலே வழக்கு முற்றுகின்றது. இறுதியாண்டு மாணவியான கவோரி மென்மையானவள், யாவராலும் நேசிக்கப்படுபவள், அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. ஆசிரியர் தெரிந்ததோ முதலாண்டு மாணவி ரெய்னாவை. ரெய்னாவின் தந்தையும் ஆசிரியரும் முன்பே அறிமுகமானவர்கள் என்ற செய்தி பரவ, பக்கச்சார்பு என்ற முணுமுணுப்பு எழுந்து குழு பிளவுபடுகின்றது. ஆசிரியர் வாதாடவில்லை. வெளியரங்கொன்றின் மேடையிலே இருவரையும் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச்செய்து, நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டுவிடுகின்றார். முதலிற் கவோரி நன்றாகவே வாசிக்கின்றாள். பின்னர் ரெய்னா வாசிக்கின்றாள். வேறுபாடு எல்லார் செவிக்கும் தெரிகின்றது. ஆயினும் கைதட்டும் நேரம் வந்தபோது பெரும்பாலோர் அசையாது இருக்கின்றனர். ஒருபுறம் கவோரியை நேசிக்கும் ஒருத்தி எழுந்து கைதட்டுகின்றாள். மறுபுறம் ரெய்னாவுக்காக முதலில் எழுவது குமிக்கோ. அன்று அந்தக் கொடிய கேள்வியைக் கேட்டவள் இன்று எல்லார் வெறுப்புக்கும் அஞ்சாது எழுந்து நிற்கின்றாள். தனிவாசிப்பை ஏற்கின்றாயா என்று ஆசிரியர் கவோரியைக் கேட்கின்றார். இல்லை, அவளே வாசிக்கவேண்டும் என்று கவோரி தானே விலகுகின்றாள். தீர்ப்பு ஆசிரியரின் வாயிலிருந்து வரவில்லை, வாக்கெண்ணிக்கையிலிருந்தும் வரவில்லை. தோற்றவளின் நேர்மையான செவியிலிருந்தே வந்தது.

இதற்கடுத்த பகுதியிலே குமிக்கோவின் முறை வருகின்றது. கடினமான ஓரிடம் அவளுக்கு வசப்படவில்லை. அந்த இடத்தை நீ வாசிக்கவேண்டாம் என்று ஆசிரியர் கூறிவிடுகின்றார். அன்று மாலை உஜிப் பாலத்தின்மேல் ஓடிக்கொண்டே, திறமை பெறவேண்டும், திறமை பெறவேண்டும் என்று அவள் கதறியழுகின்றாள். முதற் காட்சியில் ரெய்னா அழுத அழுகையின் பொருள் அவளுக்கு அப்போதுதான் விளங்குகின்றது. உண்மையாக விரும்பியவருக்கே தோல்வி உண்மையாக நோகும்.

2018 ஆம் ஆண்டு யமதா நவோக்கோவின் இயக்கத்தில் வெளிவந்த ‘லிசும் நீலப் பறவையும்’ என்னும் திரைப்படம் இதே பொருளை இன்னும் நுணுக்கமாக ஆராய்கின்றது. ஓபோ வாசிக்கும் மிசோரே, புல்லாங்குழல் வாசிக்கும் நொசோமி ஆகிய இரு தோழியர் ஓர் உருப்படியிற் சேர்ந்து வாசிக்கவேண்டும். மிசோரேக்கு உலகமே நொசோமிதான். தோழியை மிஞ்சலாகாது என்று அவள் தன்னை அறியாமலே தன் ஆற்றலை அடக்கி வந்திருக்கின்றாள். ஒருநாள் தடையை நீக்கி முழு மூச்சோடு வாசிக்கின்றாள். அதைக் கேட்ட நொசோமியின் கண்கள் நிறைகின்றன. அவள் புல்லாங்குழல் தடுமாறுகின்றது. தான் கூட்டில் அடைத்து வைத்திருந்த பறவை எவ்வளவு உயரம் பறக்கவல்லது என்பதை அவள் அறிந்துகொண்டாள். நட்பின் வேதனையை இரண்டு கருவிகளின் ஒலி அளவிலே சொல்லிவிட முடியும் என்பதற்கு இப்படம் சான்று.

மூன்றாம் பருவத்திலே குமிக்கோ குழுவின் தலைவி. திறமையே அளவுகோல் என்னும் விதியை இப்போது அவளே காத்து நடத்தவேண்டும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் புதிதாகத் தெரிவு நடைபெறும் என்ற ஏற்பாடும் அவள் காலத்ததே. அவ்வேளையில் வேறு பாடசாலையிலிருந்து மயு என்னும் மாணவி யூபோனியத்தோடு வந்து சேர்கின்றாள். குமிக்கோவைவிட அவள் தாழ்ந்தவளல்லள். நான் விலகிக்கொள்ளட்டுமா என்று மயு பலமுறை கேட்கின்றாள். விலகவேண்டாம் என்று குமிக்கோ மறுக்கின்றாள். மறுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் மனம் அலைபாய்கின்றது. தேசியப் போட்டியில் ரெய்னாவின் ட்ரம்பெற்றோடு இணைந்து வாசிக்கவேண்டிய யூபோனியம் எது என்பதே இறுதி வினா. இருவரும் மறைவில் நின்று வாசிக்க, எவர் எது என்று அறியாமலே குழுவினர் கைதூக்குகின்றனர். இருபுறமும் கைகள் சமமாகின்றன. தீர்க்கவேண்டியவள் ரெய்னா. தோழியின் ஒலியை அவளால் அறியாதிருக்க முடியாது. அறிந்திருந்தும் சிறந்ததெனத் தன் செவி சொன்ன மற்ற ஒலியையே அவள் தெரிகின்றாள்.

மூல நாவலிலே குமிக்கோவே தெரிவுபெறுகின்றாள். சித்திரத் தொடர் அதனை மாற்றியமைத்தது பற்றி இரசிகரிடையே பெரும் வாதம் எழுந்தது. ஒன்பது ஆண்டுகள் உடன் நடந்த கதைத்தலைவிக்கு இந்த ஒரு வெற்றியையாவது கொடுத்திருக்கலாகாதா என்று பலர் வருந்தினர். வருத்தம் நியாயமானதே. எனினும் முதலாண்டிலே கவோரியின் கடைசி வாய்ப்பைத் திறமையின் பெயரால் மறுத்த கதை, இறுதியாண்டில் அதே அளவுகோலைத் தலைவிக்காக வளைத்திருந்தால், அன்று கவோரி விலகிய பெருந்தன்மை பொருளற்றதாகிவிடும். நீதி தனக்குப் பாதகமாக வரும்போது அதனை ஏற்பவரே நீதியை நம்பினவர். குமிக்கோ மேடையில் நின்று, மயுவே சிறந்தவள், இதுவே கித்தாவுஜியின் தெரிவு என்னும் கருத்துப்பட எல்லார் முன்னும் பேசுகின்றாள். பின்னர் மலைமேல் ரெய்னாவோடு தனித்திருக்கையிலே இருவரும் அழுகின்றனர். குழு தேசியப் போட்டியில் தங்கம் பெறுகின்றது. குமிக்கோ பிற்காலத்தில் அதே பாடசாலைக்கு ஆசிரியையாகத் திரும்பி வருகின்றாள். தனக்குக் கிடைக்காத இடத்தைப் பிறருக்கு நேர்மையாகப் பங்கிடும் பொறுப்பு அவளைச் சேர்கின்றது.

இத்தொடரின் வரலாற்றில் ஆறாத துயரம் ஒன்றும் உண்டு. 2019 ஆம் ஆண்டு யூலை 18 ஆம் தேதி கியோத்தோ அனிமேசன் நிறுவனத்தின் முதலாம் கலைக்கூடத்துக்கு ஒருவன் தீவைத்தான். 36 பேர் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவருள் இத்தொடரின் கதைமாந்தருக்கு உருவங்கொடுத்த இக்கெதா சோக்கோவும், மேற்சொன்ன திரைப்படத்தின் உருவங்களை வரைந்த நிசியா புத்தோசியும் இருந்தனர். குமிக்கோவின் இரண்டாம் ஆண்டைக் கூறும் படம் வெளிவந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கதையின் முடிவு இனி வருமோ என்று ஐயுறும் நிலை. எஞ்சியோர் மீண்டும் தூரிகை எடுத்தனர். 2023 ஆம் ஆண்டு ஒரு திரைப்படமும், 2024 ஆம் ஆண்டு மூன்றாம் பருவமும் வெளிவந்தன. மறைந்தவரின் பெயர் உருவமைப்பாளர் வரிசையிலே தொடர்ந்து நின்றது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, முன்னவர் விட்ட இடத்தைப் பின்னவர் நிரப்பி, ஒலி அறுந்துவிடாமற் காத்தல் என்பது கதையில் வரும் குழுவுக்கு மட்டும் உரிய செய்தியாக இருக்கவில்லை.

இதனைக் காணப் புகுவோர் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ளல் நலம். ஒன்று, குழு வாசிக்கும்போது ட்ரம்பெற்றையே பின்தொடராமல், அதன் கீழே ஓடும் தாழ்ந்த குரல்களைத் தேடிக் கேட்கவேண்டும். கதை அங்கேதான் இருக்கின்றது. இரண்டு, பேசும் முகத்தைவிடப் பேசாத கைகளையும் கால்களையும் நோக்கவேண்டும். யப்பானியர் வாயாற் சொல்லாததை அவை சொல்லும். மூன்று, வெற்றியா தோல்வியா என்று அறியும் அவசரத்தில் இடைப்பட்ட நாள்களைத் தாண்டிச் செல்லலாகாது. மாலைதோறும் ஒரே சுரத்தை நீட்டி ஊதிக்கொண்டிருக்கும் பயிற்சிக் காட்சிகளே இத்தொடரின் பெரும்பகுதி. முதலிற் சலிப்பூட்டுவன போலத் தோன்றும் அவையே, இறுதி வாசிப்பின்போது கேட்பவர் நெஞ்சை நெகிழ்விப்பன.

இசைக்குழு என்பது பலர் கூடி ஒலியெழுப்புதல் மாத்திரமன்று. பிறர் ஒலியைக் கேட்டுத் தன் ஒலியை அளந்து விடும் பயிற்சி அது. ஐம்பத்தைவர் ஒருங்கே மூச்சிழுக்கும் அந்த ஒரு நொடியில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்னும் வேறுபாடில்லை. தெரிவுபெற்றவரும், இடமிழந்து திரைக்குப் பின்னால் நிற்பவரும் ஒரே மூச்சாகின்றனர். அந்த மூச்சின் விலையை அறிந்தபின் எந்தப் பாடசாலை மண்டபத்தில் எந்தச் சிறுவர் குழு வாசித்தாலும், கேட்பவர் செவி முன்வரிசையைத் தாண்டி உள்ளே செல்லும். நடுவே எங்கோ, பெயர் தெரியாத ஒரு கருவியின் இனிய குரல் அங்கே ஒலித்துக்கொண்டிருக்கும்.